கிருஷ்ணராஜின் கன்னத்துக் காயம்

எங்கள் தோட்டத்தில் கிருஷ்ணராஜின் கன்னத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாத ஆள் கிடையாது. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கிற இந்த றப்பர் தோட்டத்தில், குழாயில் பத்து நாள் தண்ணீர் வராதபோதுகூட நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாகக் கூடிப் பேசியதில்லை. கூடினது ஒரு சவரக் காயத்துக்காக. அது அரை அங்குலம்கூட இருக்காது.

கிருஷ்ணராஜ் இருபத்தாறு வருடமாகப் பால் வெட்டுகிறவர். பட்டையைச் சாய்வாகச் சீவினால் றப்பர் பால் வடியும். கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனால் உள்ளே வெள்ளைக் கட்டை தெரியும், அந்த இடம் பிறகு முடிச்சு விழுந்து பாழாகும். அதைத்தான் காயம் என்போம். எங்களுக்கெல்லாம் மாதத்தில் இரண்டு மூன்று விழும், கங்காணி கத்துவார், நாங்களும் கேட்டுக்கொண்டு நிற்போம். கிருஷ்ணராஜின் முன்னூறு மரத்தில் ஒன்றில்கூடக் காயம் இல்லை. இதை அவரே சொல்லிச் சொல்லி எங்களுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

இந்த வருடம் கேகாலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்வெட்டுப் போட்டி வைத்தார்கள். எங்கள் தோட்டத்துக்காகக் கிருஷ்ணராஜ் போவதாக முடிவானது. ஜெயிக்கிறவரின் பெயரை மைக்கில் சொல்லி மேடைக்குக் கூப்பிடுவார்களாம். அதைக் கேட்டதிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. தோட்டத்தை நடத்துகிற எங்கள் துரை அவரை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய், மேல் டிவிஷன்காரன்" என்பார். நல்ல மனநிலையில் இருந்தால் வெறும் "ஏய்".

"ஒரு தடவ எம் பேர மைக்குல கேட்டுட்டா போதும் தம்பி. வேற ஒண்ணும் வேணாம்" என்று கிருஷ்ணராஜ் என்னிடம் சொன்னார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

துரை ஒரு பேனர் அடிக்க ஏற்பாடு செய்தார். 'மரத்தைக் காயப்படுத்தாத கை' என்று மூன்று பாஷையில் எழுத்து, நடுவில் கிருஷ்ணராஜின் முகம். படம் பிடிக்கிற அன்று காலையில் அவர் புது பிளேடு போட்டுச் சவரம் செய்தார். முன்னூறு மரத்தில் தப்பாத கை சொந்தக் கன்னத்தில் தப்பிவிட்டது.

"மொகத மே?" என்று சிங்களத்தில் தொடங்கிய துரை, எங்களுக்கெல்லாம் விளங்கட்டும் என்று தமிழுக்கு வந்தார். "மரத்துக்குக் காயம் இல்ல, மூஞ்சில காயம். மத்தத் தோட்டத்து ஆள் எல்லாம் சிரிப்பான். போட்டிக்கு ஆறு கிழம இருக்கு. ஆறினா நீ போ. ஆறல்லன்னா கீழ் டிவிஷன் ஐயாவு போவான். ஹரித?"

"ஹரி சார்" என்று சிங்களத்திலேயே சரி சொன்னார் கிருஷ்ணராஜ். பால் வெட்டுவது கையா, கன்னமா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. நானும் தலையை ஆட்டிக்கொண்டுதான் நின்றேன்.

அன்றைக்கே வைத்தியம் தொடங்கியது. அவர் மனைவி கோகிலா அக்கா கோப்பித்தூளை வைத்து அமுக்கினார். அடுத்த வீட்டிலிருந்து மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வந்தன. கோயில் பூசாரி திருநீறு கொடுத்தார். நான் பற்பசை கொடுத்தேன். "எரிஞ்சா நல்லதுண்ணே, கிருமி சாகுதுன்னு அர்த்தம்" என்று பெரிய டாக்டர் மாதிரி சொல்லியும் வைத்தேன். நன்றாக எரிந்தது, வேறு பலன் இல்லை. காயம் ஆறாவிட்டால் போட்டிக்குப் போகவேண்டிய ஐயாவுகூட மேலே ஏறி வந்து, "பச்ச றப்பர்ப் பால் ஒரு சொட்டு விடுங்கண்ணே, தோலு மாதிரி மூடிக்கும்" என்று அக்கறையோடு சொன்னார். மூடித்தான் கொண்டது. மறுநாள் அது நாலு மயிரையும் கொஞ்சம் தோலையும் சேர்த்துக்கொண்டு உரிந்து வந்தது. ஐயாவு கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். மற்றவர்கள் சொன்னார்கள்.

நாலு கிழமை, முழுதாக ஒரு மாதம், ஓடியது. மாலையில் காயம் காய்ந்து பொருக்குக் கட்டும். விடிந்து பார்த்தால் பச்சைப் புண்ணாக இரத்தம் கசியும். துரை எந்த நேரமும் படத்துக்குக் கூப்பிடலாம் என்று கிருஷ்ணராஜ் தினமும் சவரம் வேறு செய்துகொண்டிருந்தார். சீனி வியாதிதான் என்று நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கோகிலா அக்கா அவருடைய தேத்தண்ணீரில் சீனியை நிறுத்திவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதார்.

கடைசியில் இருவரும் டவுனுக்குப் போய் மருந்துக்கடை றிஸ்மியைப் பார்த்தார்கள். றிஸ்மி விரலில் குத்தி இரத்தம் பார்த்தார்.

"சுகர் நல்லாத்தான் ஈக்கி அண்ணே. காயத்துல கை வெக்கிறீங்களா?"

"ஐயோ, இல்லீங்க மொதலாளி. தொடவே மாட்டேன்."

"அப்ப சோப்புத் தண்ணியில மெதுவா கழுவி, கொஞ்சம் வெசலின் பூசுங்க. அந்த எடத்துல பிளேடு படக்கூடாது. பொருக்கு தானா விழணும். ரெண்டு கிழமையில ஆறல்லாட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க."

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்குக் கிருஷ்ணராஜ் மற்ற இடத்தைச் சவரம் செய்யக் கத்தியோடு கண்ணாடி முன்னால் நின்றார். கோகிலா அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணராஜின் இடது கை தானாக மேலே போனது. பெருவிரல் நகம் பொருக்கின் ஓரத்தை நெம்பியது. ஒரே இழுப்பில் முழுதாக உரித்து, பார்க்காமலேயே சட்டைப் பையில் போட்டுக்கொண்டது.

"என்னாங்க பொக்கட்டுல போட்டீங்க?"

"நானா? ஒண்ணும் போடலியே."

கோகிலா அக்கா பைக்குள் விரலை விட்டார். நேற்றையதும் அங்கேயே இருந்தது.

இது பால் வெட்டுகிறவர்களுக்குத்தான் விளங்கும். முந்தின வெட்டில் கசிந்த பால் கோட்டின் மேலேயே நாடாவாகக் காய்ந்து கிடக்கும். அதுதான் ஒட்டுப்பால். அதை உரித்துப் பையில் போட்டுவிட்டுத்தான் கத்தியை வைக்கவேண்டும். கத்தி பிடிக்குமுன் உரிக்கவேண்டும் என்று முன்னூறு மரத்தில், இருபத்தாறு வருடமாகப் பழகிய கை. சவரக் கத்தியைக் கண்டதும் அது தன் வேலையைச் செய்துவிட்டது, அவரிடம் கேட்கவில்லை.

அன்றிலிருந்து கோகிலா அக்கா காவல். சவரக் கத்தியை ஒளித்து வைத்தார். கை தோளுக்கு மேலே ஏறினாலே, "கைய எடுங்க!" என்று கத்துவார். அக்கா இல்லாத நேரத்தில் நாங்கள் கத்தினோம். லயமே கத்தியது. அந்த இரண்டு கிழமையும் மழை விடாமல் அடித்ததால் பால்வெட்டும் நின்றுபோய், கிருஷ்ணராஜ் எந்த நேரமும் எங்கள் கண் முன்னாலேயே இருந்தார். சோறு தின்னக் கையைத் தூக்கினால்கூட ஒரு குரல் கேட்டது. பொருக்கு பதினோராம் நாள் தானாக விழுந்தது. கீழே இளஞ்சிவப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான். துரை வந்து பார்த்து, "ஹரி" என்றார். படம் பிடித்தார்கள், பேனர் வந்தது. அதில் கன்னம் நன்றாகத்தான் இருந்தது.

போட்டிக்கு நாங்கள் லொறியில் போனோம். ஆளுக்குப் பத்து மரம். கிருஷ்ணராஜ் முதல் மரத்தின் முன்னால் போய் நின்றார். இடது கை ஒட்டுப்பாலை நோக்கிப் போனது, பாதியில் நின்றது. யாரோ கத்தியதுபோல அவர் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் கத்தவில்லை, நாங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கையைக் கீழே போட்டார். உரிக்காத ஒட்டுப்பாலின் மேலேயே கத்தியை வைத்து இழுத்தார். கத்தி சிக்கி, எகிறி, உள்ளே இறங்கியது. வெள்ளைக் கட்டை தெரிந்தது.

மிச்ச ஒன்பது மரத்திலும் ஒரு குறை இல்லை. அதனால் என்ன. நடுவர் எல்லோரையும் அந்த முதல் மரத்தடிக்கு வரவழைத்து, ஒட்டுப்பாலை உரிக்காமல் வெட்டினால் இப்படித்தான் ஆகும் என்று மைக்கில் பாடம் நடத்தினார். வெட்டியவர் கிருஷ்ணராஜ் என்று சிங்களத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் சொன்னார். கிருஷ்ணராஜ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குத் துரை மேல் கோபம், கத்திக் கத்தி அந்தக் கையைக் கெடுத்த எங்கள் மேல் அதைவிடக் கோபம்.

லொறி புறப்படுகிற நேரம் துரையின் ஜீப் பக்கத்தில் வந்து நின்றது.

"கிருஷ்ணராஜ்! நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வா."

"வாறேன் சார்" என்றார் கிருஷ்ணராஜ். ஜீப் போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தொர எம் பேர சரியாத்தான் சொல்றாரு தம்பி."