குயருக்குக் கடைசிப் பந்தி

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்தாலும், பீடத்துக்குப் போகும்போது குடும்பமாகச் சேர்ந்து போய், கிராதி ஓரம் முழங்காலிட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிக்கொண்டு வருவார்கள். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர். அதைப் பந்தி என்றே சொல்வோம். சபை முழுவதும் பந்தி பந்தியாகப் போய் வரும்வரை பாடகர் குழு, அதாவது எங்கள் குயர், பாடிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாரும் வாங்கிய பிறகு, எடுத்த பாட்டையும் முடித்துவிட்டுத்தான் குயர் எழுந்து போகும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. எழுதி வைத்த சட்டங்களைவிட இதைத்தான் எங்கள் ஆட்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். குயரில் நிற்பவர்களின் கணவனோ மனைவியோ மட்டும் தனியாகப் போய்த் தனியாகத் திரும்புவார்கள். அது அப்போது என் கண்ணில் படவே இல்லை.

வாலிபர் ஐக்கியத்துக்கு என்னைச் செயலாளராக்கியபோது எனக்கு இருபத்தெட்டு வயது. கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு. அடுத்தவர் தப்புச் செய்தால் பொறுக்காத குணம் இரண்டு வேலைக்கும் வசதியாக இருந்தது. ஆராதனை முடியும்வரை கேட்டுக்கு வெளியே பைக்கில் சாய்ந்துகொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் எட்டுப் பேரை வைது இழுத்துவந்து குயரில் நிறுத்தினேன். அதில் இன்றைக்கும் எனக்குப் பெருமை உண்டு. அதோடு நின்றிருக்கலாம். திருவிருந்துக்கு மூன்றே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவது சலித்துப்போய், அதை ஏழாக்கினேன். நான்கு குரலில், எல்லாச் சரணமும் விடாமல். "பாட்டு கேக்கவே முதல் வாரம் வாரோம்" என்று நாலு பேர் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசிப் பந்தி எழுந்து போன பிறகும் எங்களுக்கு ஒன்றரைப் பாட்டு பாக்கி இருக்கும். போதகரை நாங்கள் ஐயர் என்போம். அவர் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதினொரு மணிக்கு முடிந்த ஆராதனை பன்னிரண்டைத் தொட்டது.

எங்கள் குயரின் அடிக்குரல், அதாவது பேஸ், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருடையது. குமுளி மலையில் பாதி ஆயுளை ஓட்டியவர். எழுபத்து மூன்று வயது. சுரம் படிக்கத் தெரியாது. ஒரு தடவை காதில் விழுந்தால் போதும். அவர் குரல் அடியில் ஓடிக்கொண்டிருந்தால் மேலே நாங்கள் என்ன ஆட்டம் போட்டாலும் பாட்டு சாயாது. நான் அவசரப்பட்டுத் தாளத்தை ஓட்டினால், பாட்டு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து மெதுவாகச் சொல்வார்: "ஏத்தா, வளைவுல இம்புட்டு வேகம் ஆகாது."

அவருக்குச் சர்க்கரை இருந்தது. திருவிருந்து வாங்கும்வரை எதுவும் சாப்பிடக்கூடாது என்பது அவருடைய வைராக்கியம். எங்கள் பெரியவர்கள் பலருக்கும் அப்படித்தான். ஆனால் காலை மாத்திரையைத் தவறவிடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரை சாப்பாடு இல்லையே? அதனால் ஒரு மடக்குத் தண்ணீரில் அதை மட்டும் போட்டுக்கொண்டு, ஆண்டவருக்கும் டாக்டருக்கும் கீழ்ப்படிந்த திருப்தியோடு வந்து நிற்பார். மூன்று பாட்டு காலத்தில் எப்படியோ ஓடிவிட்டது. நான்தான் ஏழு பாட்டு வைத்தேன்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு மாதம், ஆறாவது பாட்டின் மூன்றாம் சரணத்தில் பேஸ் காணாமல் போனது. வரியை விட்டுவிட்டார் என்று எனக்குக் கோபம். எடுத்துக் கொடுப்பதற்காகக் கீபோர்டில் அவருடைய சுரங்களை அழுத்தி வாசித்தேன். அப்போதும் வரவில்லை. முறைக்கலாம் என்று திரும்பினால், தரையில் உட்கார்ந்திருந்தார். கை நடுங்கியது. சட்டை முழுக்க வேர்வை.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அக்கா ஒருவர் பெண்கள் பக்கத்திலிருந்து ஓடிவந்தார். பின்னாலேயே டிரைவரின் மனைவி.

"காலைல என்ன சாப்பிட்டாக?"

"இன்னைக்குத் திருவிருந்துல்ல, எப்பிடிச் சாப்பிடுவாக? மாத்திரை மட்டும் போட்டாக."

நர்ஸ் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "சர்க்கரை எறங்கிருச்சு. இனிப்பா எதாவது கொண்டாங்க, சுருக்கா!"

பக்கத்து அறையில் ரசப் பாட்டில் ஒன்று பிரிக்காமல் இருந்தது. நம் ஊர்ப் பன்னீர்த் திராட்சையைப் பெண்கள் ஐக்கியத்தார் சீனி போட்டுக் காய்ச்சி வடிகட்டியது. ஒரு டம்ளரில் ஊற்றி வாயருகே கொண்டுபோனால், மனிதர் பல்லை இறுகக் கடித்துக்கொண்டார். "இன்னும் வாங்கலையே" என்று குழறினார். நாங்கள் கெஞ்சினோம். மனைவி அதட்டினார். வாய் திறக்கவில்லை. கடைசியில் ஐயர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பீடத்திலிருந்து இறங்கி வந்து, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஐயா, இது ஜெபிக்காத ரசம். வெறும் ஜூஸு. குடிங்க. மேல கேள்வி வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன்."

குடித்தார். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "பாட்டு நின்னு போச்சாத்தா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தவள் நான்தானே.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். பேச்செல்லாம் மனைவிதான்.

"இனிமே குயரு வேணாம்த்தா. மகனும் போன்ல அதத்தான் சொன்னான். பாட்டு வேணுமின்னா சாப்பிடுங்கன்னேன். சாப்பிட மாட்டாகளாம், மாத்திரைய வேணா நிப்பாட்டிக்கிறாகளாம். கேட்டியா கூத்த?"

அவர் குயரில் இல்லாத பாட்டை நினைத்துப் பார்த்தேன். எனக்காகத்தான் முதலில் வருத்தப்பட்டேன், அதை ஒளிப்பானேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். ஓய்வு கொடுத்துப் பஸ்ஸை விட்டு இறக்கிவிட்ட அன்றுகூட இவர் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டார் என்று தோன்றியது.

"தப்பு எம்மேலதாம்மா. ஏழு பாட்டு வச்சது நான்" என்றேன். "இனி நாலுதான். அதோட, குயர்ல இருக்குற பெரியவுகளுக்கு முதப் பந்தி குடுக்கச் சொல்லி ஐயர்கிட்டக் கேக்கப்போறேன். அவுக வாங்குற வரைக்கும் நாங்க பாடுறோம்."

அப்போதுதான் அவர் வாய் திறந்தார். "பரிமாறுறவன் முதல்ல உக்காந்து திங்கிறது எந்த ஊரு வழக்கம்?"

என் புத்தி சும்மா இருக்கவில்லை. "பரிமாறுறவுக மயங்கி விழுந்தா, பந்தியில இருக்குறவுக எலையை விட்டுட்டு எந்திரிக்கணுமேய்யா. நேத்து அதான நடந்துச்சு?"

மனைவி சிரித்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. காபி குடித்துவிட்டு வந்தேன்.

அந்த வாரப் பாட்டுப் பயிற்சிக்கு நர்ஸ் அக்கா வந்து குயரில் இருந்த பெரியவர்களிடம் ஒவ்வொருவராக விசாரித்தார். இன்னும் நான்கு பேர் இதே கீழ்ப்படிதலில்தான் இருந்தார்கள். கேட்டதும் ஐயருக்கு முகம் வெளிறிவிட்டது. மாத்திரை போடுகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து திருவிருந்து வாங்குவது பாவமில்லை என்று அடுத்த ஞாயிறே பீடத்திலிருந்து அறிவித்தார். முதல் பந்திக்கும் சரி என்றார். பாதி அவருக்கே தோன்றியதைப்போல அறிவித்தார்; போகட்டும்.

பைக்கில் சாய்ந்திருந்த கூட்டத்துக்கு இப்போது வேலை வந்தது. பெரியவர்கள் பீடத்துக்குப் போய்வரும் வரைக்குமான முதல் பாட்டை அவர்களே நான்கு குரலிலும் தாங்க வேண்டும். பேஸுக்கு இரண்டு பேரை நிறுத்தினேன். இரண்டு பேரும் சேர்ந்து அவருடைய பாதிக் குரல்கூட வரவில்லை. தினமும் சாயங்காலம் பாடவைத்துப் பாடவைத்து, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே பேஸ் வரி மனப்பாடமாகியிருக்கும்.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு அவர் வந்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு பின்வரிசையில் தன் இடத்தில் நின்றார். நான் பெண்கள் பக்கம் திரும்பி அவர் மனைவியை ஜாடையாகக் கேட்டேன். அந்த அம்மா ஜெபப் புத்தகத்துக்கு மேலாக மூன்று விரலைக் காட்டினார். மூன்று இட்லி.

ஐயர் குயரின் பெரியவர்களை அழைத்தார். பிள்ளைகள் பாட்டை எடுத்தார்கள். நான்கு பெரியவர்கள் எழுந்து போனார்கள். இவர் அசையவில்லை. புத்தகத்தைப் பிடித்தபடி பேஸ் பாட ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் நிம்மதியாக அவருக்குள் ஒளிந்துகொண்டார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கீபோர்டை விட்டு எழுந்துபோய்க் கையைப் பிடித்து இழுத்துவிடலாமா என்று பார்த்தேன். முதல் சரணம் முடிந்தது. ஐயர் தட்டோடு காத்திருந்தார். இவர் இன்றும் வெறும் பிடிவாதத்தில் கடைசிவரை நின்றுவிட்டால், மனைவி அடுத்த மாதம் விடவே மாட்டார்.

அப்போது அந்த அம்மா எழுந்தார். முறை வராத நேரத்தில், யாரும் அழைக்காமல், பெண்கள் பக்கத்திலிருந்து நடந்து நேராகப் பீடத்துக்குப் போனார். கிராதி ஓரத்தில் மூட்டு வலியோடு மெல்ல முழங்காலிட்டார். பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஐயர் ஒன்றும் கேட்காமல் நின்றார்.

பின்வரிசையில் புத்தகம் மூடும் சத்தம் கேட்டது. அவர் இறங்கி என்னைக் கடந்து நடந்தார். அந்த இடத்தில் போய் முழங்காலிட்டார். பேஸ் பிள்ளைகள் இரண்டு பேரும் திடுக்கிட்டு, வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தார்கள். கொஞ்சம் தடுமாறியது. பிறகு நிலைத்து நின்றது. நான் வாசித்துக்கொண்டே பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றாகக் கை நீட்டி வாங்கினார்கள். எழும்போது அவர் கிராதியைப் பிடித்துக்கொண்டார், அந்த அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பிவந்து பாக்கிப் பாட்டு எல்லாவற்றையும் முழுசாகப் பாடினார். நான்காவது பாட்டில் நான் அவசரப்படவில்லை.

ஆராதனை முடிந்து வாசலில் அந்த அம்மாவைப் பிடித்தேன். "நல்லா யோசிச்சீகம்மா, அவுகளக் கெளப்ப" என்றேன்.

"யோசிக்கவெல்லாம் இல்லத்தா" என்றார். "கல்யாணத்தன்னைக்கு அங்கன அவுக பக்கத்துல முட்டி போட்டது. மறுவாரமே குயர்ல சேந்துட்டாக. நாப்பத்தேழு வருசமா நான் மட்டுந்தான் போயிட்டு வாரேன். இடம் காலியா இருந்துச்சு, போனேன்."

அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். அங்கே அவர் வீட்டுக்காரர் பேஸ் பிள்ளைகள் இரண்டு பேரையும் நிறுத்தி எதையோ திருத்திக்கொண்டிருந்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த அம்மா என் பக்கம் குனிந்தார்.

"அவுக குயர்லயே இருக்கட்டும்த்தா. முதப் பந்தி மட்டும் மாத்திப்புடாதீக."