எவ்வளவு பாக்கி என்று கேட்காதீர்கள்

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சாம்பலில் ஒற்றிக்கொள்கிறார். பழைய இழையின் நுனி ஒன்று, புதிய இழையின் நுனி ஒன்று. இரண்டையும் சேர்த்து ஒரு திருகு. லேசாக இழுத்துப் பார்க்கிறார். நிற்கிறது. அடுத்தது.

தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும், புதுப் பாவின் ஆயிரக்கணக்கான பட்டு இழைகளை இப்படி ஒவ்வொன்றாகப் பழைய நுனிகளோடு பிணைத்தால்தான் அடுத்த சேலையைத் தொடங்க முடியும். ஆரணியில் இந்த வேலைக்காகத் தறி வீடு தறி வீடாகப் போகிறவர்களில் ஒருவர் ஆரோக்கியசெல்வி. இன்று தேவகி வீட்டுத் தறியில் உட்கார்ந்திருக்கிறார். வலப்பக்கம் ஒரு துண்டை விரித்திருக்கிறார். பிணைக்க வேண்டிய இழைகளெல்லாம் அதற்கடியில். கைக்கு வேண்டிய நாலு இழை மட்டும் வெளியே தெரியும்படி துண்டை அவ்வப்போது நகர்த்திக்கொள்கிறார்.

விவரம் தெரியாமல் நான் கேட்டுவிட்டேன்: "இன்னும் எவ்வளவு பாக்கிங்க?"

தேவகி பதறிப் போனார். "ஐயோ சார், பிணைக்கிறவங்ககிட்ட அத்த மட்டும் கேக்கக்கூடாது! எங்க வூட்ல சின்னப் பசங்ககூட கேக்காது."

நான் அசடு வழிந்ததைப் பார்த்து ஆரோக்கியசெல்வி சிரித்தார். கை நிற்கவில்லை. "கேட்டா மனசு கடைசி இழைக்குப் பூடும் சார். மனசு அங்க பூட்ச்சுன்னா கை ஜல்தி பண்ணும். ஜல்தி பண்ணா பிணைச்சது நிக்காது."

நாற்பதை நெருங்கும் வயது. பேச்சு குறைவு. இடுப்பில் எப்போதும் ஒரு பழைய தைல டப்பா. அதில், பட்டு விரலில் வழுக்காமல் இருக்க, துணியில் சலித்த வறட்டிச் சாம்பல். கடிகாரம் கட்டுவதில்லை. பஸ்ஸில் ஏறினால் எந்த ஊர் வந்திருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதும் இல்லை. வந்தவாசியிலிருந்து திரும்பும்போது ஆரணியைத் தாண்டிப் போய், கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையை அவரே சொல்லிச் சிரித்தார்.

இப்பேர்ப்பட்டவர் கேரம் பலகையின் முன் உட்கார்ந்தால் கை உதறும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் உண்மை. அதைப் பற்றி எழுதத்தான் நான் அவரைத் தேடிப் போனதே.

கணவர் சார்லி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவரைச் சாப்பிடக் கூப்பிட ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போன இடத்தில்தான் கேரம் பழகியது. ஒருநாள் ஆள் குறைந்தது, நாலாவது ஆளாக உட்கார்ந்தார். இப்போது அவர் வந்து உட்கார்ந்தால் பாதிப் பேருக்குத் திடீரென்று சவாரி ஞாபகம் வந்துவிடுகிறது. அப்படி ஆடுகிறவர், மாவட்ட அணித் தேர்வில் மட்டும் அடுத்தடுத்து இரண்டு வருஷம் கடைசி ஆட்டத்தில் கோட்டைவிட்டார். இரண்டு முறையும் முன்னிலையில் இருந்துதான்.

"பின்னாடி இருந்தா ஒண்ணியும் இல்ல சார். முன்னாடி போய்ட்டா பேஜார். எப்போ முடியும், எப்போ முடியும்னு கை அடிச்சிகினு கெடக்கும்."

சார்லி தங்கமான மனிதர். வாயை மட்டும் சும்மா வைத்திருக்கத் தெரியாது. போன வருஷம், ஜெயிக்கிற நேரத்தில் கூட்டத்திலிருந்து, "இன்னும் ஒரே காய்தான் செல்வி!" என்று கத்தினார். செல்வி அடித்தார். காய் அசையவில்லை, ஸ்ட்ரைக்கர்தான் குழியில் விழுந்தது. அதற்கப்புறம் எதிலும் கை வராமல் தோற்றார். வீட்டில் கொஞ்ச நாளைக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று சார்லியே ஒத்துக்கொண்டார்.

"தறியில எனக்கு உதறல. போர்டாண்டதான் உதறுது. ரெண்டும் ஒரே கை தான சார்?" என்றார் ஆரோக்கியசெல்வி. இந்தக் கேள்வியை அவர் தன்னையே கேட்டுக்கொண்ட நாளிலிருந்து ஆட்டம் மாறியது. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் டப்பாவில் விரலை ஒற்றி, இல்லாத இழையை ஒரு திருகு திருகி, இழுத்துப் பார்ப்பார். பிறகு அந்த ஒரு காயை மட்டும் அடிப்பார். காய்களை எண்ணுவதில்லை, ஸ்கோர் பலகையைப் பார்ப்பதில்லை. சார்லிக்கு வாய்ப்பூட்டு.

சில வாரம் கழித்து, இந்த வருஷத் தேர்வு ஆரணியிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நானும் போயிருந்தேன். பெண்கள் அணியில் மூன்று இடம், இரண்டு நிரம்பிவிட்டது. மூன்றாவது இடம் ஆரோக்கியசெல்விக்கா, வந்தவாசி ராதிகாவுக்கா? ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவது ஆட்டமும் சமநிலைக்கு வந்து, கடைசி போர்டு, அதாவது கடைசிச் சுற்று. அதை எடுப்பவருக்கு இடம். சிவப்புக் காயை ஆரோக்கியசெல்வி ஏற்கெனவே எடுத்துவிட்டார். அவருக்கு இரண்டு வெள்ளைக் காய் பாக்கி. டப்பாவைத் திறந்தார்.

ராதிகா கை தூக்கினார். "சார், இவங்க மந்திரிச்ச விபூதிய தடவிகினு ஆடறாங்க. அப்போலேர்ந்து பாத்துகினுதான் இருக்கேன்."

ஆரோக்கியசெல்வி நிஜமாகவே திகைத்துப் போனார். "விபூதி இல்ல சார், வறட்டிச் சாம்பல். நான் மாதா கோயிலுக்குப் போறவ."

மண்டபமே சிரித்தது. ராதிகாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்பயர் கோபிநாத் மட்டும் சிரிக்கவில்லை. "எதுவா இருந்தாலும் போர்டுல பவுடரைத் தவிர வேற படக்கூடாதும்மா. டப்பாவ இங்க வெச்சுட்டு, கை கழுவிகினு வாங்க."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் எனக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டு வருஷமாக நடுங்கிய கைக்கு ஒரு பிடிமானம் கிடைத்திருக்கிறது, அதையும் பிடுங்கிக்கொள்கிறார்களே என்று இருந்தது.

கழுவிய கையோடு வந்து உட்கார்ந்தார். விரல் நுனி ஈரத்தைச் சேலையில் துடைத்தார். அடித்தார். நேர்க் காய், குழந்தைகூடப் போட்டுவிடும். தவறிவிட்டது.

போச்சு, போன வருஷத்துக் கதைதான் என்று நினைத்தேன். ராதிகா ஆடத் தொடங்கினார். ஒன்று, இன்னொன்று, மூலையில் ஒட்டிக் கிடந்ததும்கூடக் குழிக்குள் போனது. கடைசியில் ஒரே ஒரு கறுப்புக் காய் நின்றது. அதைப் போட்டால் இடம் அவருக்கு.

நான் பக்கவாட்டு பெஞ்சில் இருந்ததால் பலகைக்குக் கீழே தெரிந்தது. மடியில் ஆரோக்கியசெல்வியின் வலது கை திருகிக்கொண்டிருந்தது. சாம்பல் இல்லாத விரல்கள். ஒரு திருகு, ஓர் இழுப்பு, அடுத்தது. முதலில் படபடவென்று இருந்தது. போகப் போக, தேவகி வீட்டில் பார்த்த வேகத்துக்கு இறங்கியது. கண் எதையும் பார்க்கவில்லை.

ராதிகா அடித்தார். கறுப்புக் காய் குழி வரைக்கும் போய், விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றுவிட்டது. மண்டபம் "ஐயோ" என்றது. அடுத்த முறை ராதிகாவின் கைக்கு ஸ்ட்ரைக்கர் போனால் ஊதினாலே விழுந்துவிடும்.

சார்லி எழுந்து நின்றுவிட்டார். வாய் திறந்தது. "இன்னும்..." என்று ஆரம்பித்தவர், கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், பக்கத்தில் நின்றிருந்தால் அந்தத் துண்டின் மறுமுனையை நானும் கடித்திருப்பேன்.

ஆரோக்கியசெல்வி கையை மேலே கொண்டுவந்தார். வெறும் விரலில் ஒரு திருகு, ஓர் இழுப்பு. அடித்தார். முன்பு தவறிய அதே காய் உள்ளே போனது. மறுபடி திருகினார், இழுத்துப் பார்த்தார். தூரத்து மூலைக்கு ஓரமாக வெட்டிவிட வேண்டிய காய் அடுத்தது. அடித்தார். அது நிதானமாக உருள்வது போலப் போய், மெதுவாக விழுந்தது.

மண்டபம் அதிர்ந்தது. சார்லி துண்டைத் துப்பிவிட்டு என்னவோ கத்தினார், ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ராதிகா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கோபிநாத் எழுந்து, கை கொடுக்க வலக்கையை நீட்டினார்.

ஆரோக்கியசெல்வி அந்தக் கையைப் பார்க்கவில்லை. ஸ்ட்ரைக்கரை எடுத்துக் கோட்டில் வைத்து, விரலை ஒரு திருகு திருகி, அடுத்த காயைத் தேடிக்கொண்டிருந்தார்.