பெரியம்மா பார்த்த பினாங்குத் தெரு

விடுப்பில் வந்திருந்த பெரியப்பாவின் சட்டையைத் துவைக்க எடுத்த பெரியம்மா, அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அறுந்த பொத்தானை யாரோ அழகாகத் தைத்திருந்தார்கள். "இது ஆம்பள தச்ச தையலாடி?" என்று என் அம்மாவிடம் கேட்டார். பினாங்குத் தீவில் மளிகைக் கடையொன்றில் வேலை பார்த்த பெரியப்பா, சில வருடங்களுக்கு ஒருமுறைதான் போடிக்கு வருவார். பிறகு அங்கேயே இறந்தும் போனார். ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் தரம் பிரித்துப் பெரியம்மா இரண்டு மகன்களை வளர்த்தார். சந்தேகம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

வேலை கிடைத்து நான் பினாங்கில் குடியேறிய பிறகு, போன வருடம் அவரை அழைத்திருந்தேன். வந்த மறுநாளே பெரியப்பா இருந்த தெருவைக் காட்டச் சொன்னார். பழைய வணிகர் தெரு அது. சுவர்களுக்கு மஞ்சளும் நீலமும் பூசி, மரச் சன்னல்களைச் செப்பனிட்டு, பயணிகள் படமெடுக்கும் இடமாக்கியிருந்தார்கள். பெரியப்பாவின் கடை காபிக்கடையாகியிருந்தது.

"எதை மறைக்க இம்புட்டுப் பூச்சு பூசியிருக்காய்ங்க?" என்றார் பெரியம்மா. எதிரே வந்த நடுவயதுப் பெண்களையெல்லாம் முகத்துக்கு முகம் உற்றுப் பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து டீக்கடைக்காரப் பெண் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். "நனையாதீங்க, வெரசா உள்ள வாங்க!"

பெரியம்மா மழையிலேயே நின்றுவிட்டார். இத்தனை வருடத்தில் அந்தத் தீவில் யார் வாயிலும் 'வெரசா' என்ற எங்கள் ஊர்ச் சொல்லை நான் கேட்டதில்லை.

உள்ளே போய் உட்கார்ந்து டீ வந்ததும், "ஒங்க அப்பாரு எந்த ஊரு தாயி?" என்று கேட்டார்.

"போடிப் பக்கம்னு சொல்வாரு. நான் சின்னப் புள்ளையா இருக்கப்பவே தவறிட்டாரு."

"எடது புருவத்துல தழும்பு இருக்குமா?"

"ஆமா, ஜீப்பு கவுந்துச்சாம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இத்தனை காலம் தேக்கி வைத்த கோபம் அந்தப் பெண்ணின் மேல் விழப்போகிறதென்று பயந்தேன். பெரியம்மா அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"ஒரே ஊருதான். குரங்கணி ரோட்டுல ஜீப்பு கவுந்தப்ப ஊரே ஓடுச்சு" என்றார். பிறகு, எனக்கென்று போடியிலிருந்து கொண்டுவந்து இன்னும் பையிலேயே கிடந்த ஏலக்காய்ப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். "ஒங்கப்பன் ஊருக் காய். டீயில தட்டிப் போடு."

திரும்பும் வழியில் ஒரே ஒருமுறைதான் பேசினார். "நெனச்சது சரின்னு ஆயிட்டா மனசு ஆறிரும்னு இருந்தேன் ஆத்தா. ஆறல."

சாயங்காலம் மூத்த மகன் போடியிலிருந்து பேசினான். அப்பா இருந்த தெருவைப் பார்த்தாயா என்று கேட்டிருப்பான் போல.

"பாத்தேன்யா. எல்லாத்தையும் புதுசாப் பூசிட்டாய்ங்க. பழசு ஒண்ணும் தெரியல" என்றார் பெரியம்மா.