அண்ணன் செய்த பேட்டரி ரேக்கும் என் அளவுச் சீட்டும்

ஓர் அங்குலத்துக்குப் பத்து நூல் என்று ஐம்பத்து மூன்று வயது வரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். தச்சரோ கொத்தனாரோ வெல்டரோ, அளவு நாடாவைத் தொட்ட யாரைக் கேட்டிருந்தாலும் எட்டு என்று சொல்லியிருப்பார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன், நான்கு நகைச்சுவைப் புத்தகங்கள் போட்டவன், உலகத்தில் எல்லாமே பத்துப் பத்தாகத்தான் பிரியும் என்று இருந்துவிட்டேன். இந்த அறிவீனத்துக்கு அண்ணன் தன் கடைசி நாட்களிலிருந்து பன்னிரண்டு நாளைக் கொடுத்தார். நினைவு மலரில் இப்படியா ஆரம்பிப்பது என்று இதைக் கையில் வைத்திருக்கும் உறவினர்கள் முகம் சுளிக்கலாம். ஒருவருடைய பன்னிரண்டு நாளை எடுத்துக்கொண்டவனுக்கு வேறு ஆரம்பம் கிடையாது.

அண்ணன், திருமயத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில், அப்பாவுக்கு மூத்த மகனாகப் பிறந்தார். ஆறு வருடம் கழித்து நான் பிறந்தேன். அந்த ஆறு வருடத்துக்குள் வீட்டில் கிடைக்கக்கூடிய நல்ல பெயரையெல்லாம் அவர் வாங்கி முடித்திருந்தார். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தை விட்டுத் திருச்சியில் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்தார், என்னைப் படிக்கவைத்தார். தம்பிக்காகத் தன் படிப்பையே விட்டவர் என்று ஊர் இன்றும் சொல்கிறது. தியாகம் செய்யும் வாய்ப்பை இரண்டாவது பிள்ளைக்கு யாரும் தருவதில்லை. வாங்கிக்கொள்கிற இடத்திலேயே என்னை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு ஊருக்கே திரும்பி, எங்கள் தென்னந்தோப்பை ஒட்டிச் சொந்தப் பட்டறை போட்டார். ஆவூரிலிருந்து கட்டுமாவடி வரைக்கும் அவர் செய்த கேட்டுகள் இன்றும் சத்தமில்லாமல் திறந்து மூடுகின்றன. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "இவுக வெல்டர் தம்பி" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார்கள். புதுக்கோட்டையில் என் மூன்றாவது புத்தகத்தை வெளியிட வந்த பெரியவர் பதினைந்து நிமிடம் பேசினார். அதில் பத்து நிமிடம் அவர் வீட்டுச் சுழல்படியைப் பற்றி. அதைச் செய்தவர் அண்ணன். கைதட்டலும் அந்த இடத்தில்தான் விழுந்தது. முதல் வரிசையில் இருந்த அண்ணன் கூச்சத்தோடு எழுந்து கும்பிட்டார். நானும் கைதட்டினேன், விரல் நுனிகளால்.

கேட்டுகளை ஏற்றிப்போக அண்ணன் வைத்திருந்த குட்டி லாரியின் எஞ்சின் போன வருடம் ஒரேயடியாக நின்றுபோனது. பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். அண்ணன் எஞ்சினைக் கழற்றி வெளியே வைத்தார். "கரண்டுல ஓட்டப் போறேன்" என்றார். செல்போனில் படம் பார்த்துக் கற்றுக்கொண்டு மோட்டார் வாங்கினார், பேட்டரிக்குச் சொல்லிவிட்டார், சாலையில் ஓட்ட அனுமதி கேட்டு விண்ணப்பமும் கொடுத்தார். அனுமதி வரும்வரை தோப்புக்குள் ஓட்டுவதாகத் திட்டம்.

அதே சமயத்தில் அவருக்கு மூச்சிரைப்பு வந்தது. இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, மாற்ற வேண்டும் என்று மதுரையில் சொல்லி, ஆவணி பதினைந்தாம் தேதி வந்து சேரச் சொன்னார்கள். அண்ணன் அதற்கு அலட்டிக்கொள்ளவில்லை. "கத்தி வைக்கிறதுக்கு முன்ன ஒரு பத்து நாளாவது இத ஓட்டிப் பாத்துரணும்டா தம்பி. அதுக்கப்பறம் அவங்க என்ன வேணா மாத்திக்கட்டும்" என்றார். அவர் தனக்கென்று எதையாவது கேட்டு நான் காதில் வாங்கியது அந்த ஒரு தடவைதான்.

பேட்டரிகள் ஆடி மாதம் வந்து சேர்ந்தன. புதுச் சாமானை ஆடியில் பிரிக்கக் கூடாது என்று மதினி சொல்லிவிட்டார். பெட்டிகள் அப்படியே சாமி அறைக்குப் போய், சந்தனம் குங்குமத்தோடு ஆவணி பிறக்கக் காத்திருந்தன. நாளை வீணாக்க முடியாத அண்ணன், பேட்டரி உட்காரும் இரும்புச் சட்டங்களை, ரேக் என்பார்கள், பேட்டரியைக் கண்ணால் பார்க்காமலேயே செய்ய ஆரம்பித்தார். எஞ்சின் இருந்த இடத்தில் ஒன்று, சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று.

அந்த நாட்களில் மாலைதோறும் நான் பட்டறைக்குப் போவேன். என்னைப் போலப் பத்துப் பேர் வருவார்கள். பொன்னமராவதியிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்த்தவரும் உண்டு. "அண்ணே, டீசலே வேணாமாண்ணே?" என்று வாயைப் பிளப்பார்கள். அண்ணன் இரும்பு ஆங்கிளை அறுத்துக்கொண்டே பதில் சொல்வார். நாலு மூலையிலும் முதலில் பொட்டுப் பொட்டாக ஒட்டி நிறுத்தி, மூலைக்கு மூலை அளந்து, சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் இந்த மூலையில் கொஞ்சம் அந்த மூலையில் கொஞ்சம் என்று பற்றவைப்பார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு வயிறு எரியும். என் புத்தகத்தை யாரும் பஸ் பிடித்து வந்து பார்த்ததில்லை.

ஒருநாள் அண்ணன், பேட்டரிப் பெட்டியின் மேல் ஒட்டிய உறையில் வந்த கையேட்டை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இதுல எல்லாம் எம்.எம்.ல போட்டிருக்கான். எனக்கு இஞ்சு, நூலுலதான் கை ஓடும். மாத்தி எழுதிக் குடுடா."

பத்துப் பேர் முன்னால் கேட்டார். அண்ணனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று ஊர் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூல் என்று திருப்பிக் கேட்டிருந்தால் அந்தப் பெருமை அரை நிமிடம்கூட நின்றிருக்காது. கேட்கவில்லை. மில்லிமீட்டரை அங்குலமாக்கி, மிச்சத்தைப் பத்தால் பெருக்கி, கோடு போட்ட தாளில் அழகாக எழுதிக் கொடுத்தேன். அண்ணன் ஒரு முறை பார்த்தார். "ஒன் கையெழுத்து மட்டும் மாறவே இல்லடா" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஆவணி முதல் தேதி மதினி சூடம் காட்ட, பெட்டியைப் பிரித்தார்கள். முதல் பேட்டரியைத் தூக்கி ரேக்கில் வைத்தது மெக்கானிக் ராசு, அண்ணனின் முப்பது வருடத் தோழர். வைத்துவிட்டு விரலால் தள்ளினார். அது இங்கிட்டும் அங்கிட்டும் ஆடியது.

"என்னண்ணே, பேட்டரிக்கு ரேக் கேட்டா தொட்டில் கட்டி வச்சிருக்கீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் நாடாவை வைத்து அளந்தார். மறுபடியும் அளந்தார். மூன்று ரேக்கிலும் அதே கதை.

"எங் கை தப்புடா ராசு" என்றார்.

"விடுங்கண்ணே. சந்துல ரப்பர வச்சு அடைச்சா நாளைக்கே ஓட்டிரலாம்."

"அடைச்ச ரப்பர் ஆறு மாசத்துல தேஞ்சுரும். அப்பறம் பேட்டரி ஆடும், வயர் ஒரசும், தீப்புடிக்கும். எனக்கப்பறமும் ஒருத்தன் இதுல ஒக்காந்து ஓட்டணும்ல."

நான் ராசுவைத் தனியே தள்ளிக்கொண்டுபோய், பேச்சோடு பேச்சாக, "ஒரு இஞ்சுக்கு எத்தனை நூல் ராசு?" என்றேன்.

"எட்டு. ஏன் சார், கத எழுதப் போறீங்களா?"

அப்போதே திரும்பிப் போய் அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். பத்துப் பேர் நின்றார்கள். சொல்லவில்லை. மறுநாள் யாருமே இல்லை, அன்றும் சொல்லவில்லை.

மூன்று ரேக்கையும் அறுத்துப் போட்டுவிட்டு அண்ணன் முதலிலிருந்து ஆரம்பித்தார். நல்ல உடம்புக்கு அது மூன்று நாள் வேலை. அவர் கால் மணி நேரம் பற்றவைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ராசு, "குடுங்கண்ணே, நான் வைக்கிறேன்" என்று கை நீட்டினால், "எங் கை செஞ்ச தப்ப எங் கைதான் சரி பண்ணணும்" என்பார். பன்னிரண்டு நாள் ஆனது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் தவறைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்று எனக்குப் புரிந்தது. குற்ற உணர்ச்சி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறொன்று: பெருந்தன்மையிலும் இந்த மனிதரே முந்திக்கொண்டாரே என்ற எரிச்சல். எழுதவே கை கூசுகிறது.

பதினான்காம் தேதி சாயங்காலம் வண்டி தயாரானது. பேட்டரிகள் ரேக்கில் பல் வரிசை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தன. அண்ணன் மதினியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு தோப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். சத்தமே இல்லை; காய்ந்த மட்டைகள் சக்கரத்தில் நொறுங்கும் சத்தம்தான் கேட்டது. இறங்கி வந்தவரிடம், "இன்னொரு ரவுண்டு போங்கண்ணே" என்றார் ராசு. "காலையில வெள்ளன கெளம்பணும்டா. வந்து ஓட்டிக்கிறேன்" என்றார் அண்ணன்.

சிகிச்சை நன்றாகவே முடிந்து வீட்டுக்கு வந்தார். மூன்று மாதம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் தொடவில்லை, டாக்டர் பேச்சைக் கேட்பதிலும் ஒழுங்கானவர். வீடு வந்த இருபத்தோராம் நாள் காலையில், நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், மதினி டீ கொண்டுவருவதற்குள் போய்விட்டார். பத்து நாள் ஓட்ட ஆசைப்பட்டவர் ஒரே ஒரு சுற்றுதான் ஓட்டினார். மிச்சத்தை என் பத்து நூல் தின்றுவிட்டது. ஒரு வருடமாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். என்னைப் பற்றி உண்மையாக நாலு வார்த்தை எழுதாமல் அதை எழுத முடியவில்லை.

அனுமதி அவர் மறைந்த நான்காம் மாதம் வந்தது. வண்டி இப்போது கேட்டுகளை ஏற்றிக்கொண்டு சாலையில் ஓடுகிறது.

அண்ணனை மதுரைக்கு அழைத்துப்போய்க் கூடவே இருந்த அவர் மாப்பிள்ளைக்கும், அவரைச் சொந்த மனிதரைப்போலப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், சேதி கேட்ட மாத்திரத்தில் கடையை அடைத்துவிட்டு ஓடிவந்த திருமயம் கடைத்தெரு நண்பர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும், பட்டறையை ஒரு நாளும் மூடாமல் நடத்திவரும் ராசுவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்களில் பாதிப் பேர் வீட்டுக் கதவை அண்ணன் செய்திருப்பார். அந்தக் கதவுகள் எங்களுக்கு எப்போதும் திறந்தே இருந்தன.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், இதுவரை எழுதியதை மதினியிடம் வாசித்துக் காட்டி மன்னிப்புக் கேட்பதுதான் முறை என்று போனேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெங்காயத்தாலா என்று தெரியவில்லை.

"எந்தச் சீட்டு தம்பி? ஒம்பது நூலுன்னு எழுதியிருந்தீங்களே, அதுவா?"

"ஒங்களுக்கு எப்படித் தெரியும் மதினி?"

"அன்னைக்கே எங்கிட்ட வாசிச்சுக் காட்டிச் சிரிச்சாகளே. எட்டு நூலு ஆனா அடுத்த இஞ்சு வந்துருமாம்ல, ஒம்பதாவது நூலுக்கு எங்க போறதுன்னாக. டேப்புலயே அந்தப் பக்கம் எம்.எம். இருக்கு, அத வச்சுத்தான் வெட்டுனாக. நீங்க தெனமும் வந்து மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. ஏதாச்சும் ஒரு வேல குடுப்போம்னு குடுத்தாக."

"அப்ப ரேக் ஆடுனது?"

"உள்பக்கம் ஒட்டுற மெல்லிசு ரப்பர் ஷீட்டுக்குன்னு அளவுல கொஞ்சம் சேத்து எடம் விட்டாக. சேத்தத மறந்துபோயி மறுநாளும் அதே அளவோட இன்னொரு தடவ சேத்துட்டாக. அப்பல்லாம் மறதி வந்துருச்சுல்ல அவுகளுக்கு. எங் கை தப்புன்னு அவுகதான் வாய் விட்டுச் சொன்னாகளே, நீங்க நம்பலையா?"

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஒரு வருடமாக நான் சுமந்ததை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரிதான் இருந்தது.

"இருந்தாலும் மதினி," என்றேன், "என் சீட்டப் பாத்துக் கொழம்பித்தான் அண்ணன் தப்பு பண்ணியிருக்கலாம்ல?"

மதினி கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவுக செஞ்சது அந்த ஒரு தப்புத்தான் தம்பி. அதையும் ஒங்களுதுன்னு கேக்குறீங்களே."