இரத்த வறையில் இருந்த ஈயம்

முதலில் வாய்தான் கெட்டது. தேத்தண்ணீர், சோறு, வெறும் தண்ணீர், எதை வாயில் வைத்தாலும் தகரத்தை நக்கியது போல ஒரு ருசி. இரண்டாவது பிள்ளை வயிற்றில், ஐந்தாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சிக்கு வாய் கசப்பது என்ன புதினமா என்று பேசாமல் இருந்துவிட்டேன். வயிறு முறுக்கியது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அந்தப் பழியையும் பிள்ளையின் தலையில்தான் போட்டேன்.

லண்டன் எட்மண்டனில் என்னைப் பார்த்த மிட்வைஃப், இரத்தச்சோகை (இரத்தத்தில் சிவப்பணு குறைவது) என்று இரும்புச்சத்துக் குளிசை தந்தார். விழுங்க விழுங்க இரத்தம் இறங்கிக்கொண்டே போனது. எனக்கு எரிச்சல். என் கணவருக்கோ பயம். பயம் வந்தால் அவர் சமைக்கத் தொடங்கிவிடுவார்.

அவர் நோர்வேயில் இருந்த காலத்தில் வேட்டை பழகியவர். லண்டனுக்கு வந்த பிறகும் முறைப்படி அனுமதி எடுத்து, கூட வயரிங் வேலை செய்யும் பீற்றருடன் எசெக்ஸ் பக்கத்துப் பண்ணை ஒன்றில் மான் சுடப் போவார். துப்பாக்கி ரவையை (குண்டை) தெரிந்தெடுப்பதில் அவருக்கு இருந்த கவனம் எனக்குச் சேலை தெரிந்தெடுப்பதில்கூட இருந்ததில்லை. "வாயில்லாச் சீவன், துடிக்கக்கூடாது" என்று, உள்ளே போனதும் விரிந்து உடனே உயிரை எடுக்கும் மென்மையான ஈய ரவையைத்தான் வாங்குவார்.

சன்னம் (ரவை) பட்ட இடத்தைச் சுற்றி இரத்தம் கட்டிய இறைச்சியை பீற்றர் வெட்டி எறிந்துவிடுவாராம். இவர் விடவில்லை. இரத்தம் குறைந்தால் எங்கள் ஆட்கள் இரத்த வறைதானே கொடுப்பார்கள்! அதைப் பொடியாக அரிந்து, தேசிக்காய் (எலுமிச்சை) புளியில் ஊறவைத்து, மிளகும் உள்ளியும் போட்டு வறுத்து, "சாப்பிடுமப்பா, இரத்தம் ஊறும்" என்று ஊட்டாத குறையாகத் தருவார். மூத்தவள் உறைப்பென்று தொடமாட்டாள். நான் கோப்பையை வழித்துச் சாப்பிட்டேன்.

இரத்தம் இன்னும் இறங்கவே மிட்வைஃப் என்னை மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே எல்லா இரத்தப் பரிசோதனையும் எடுத்துவிட்டு எங்களைப் பார்த்த டொக்டர் தமிழ்நாட்டுப் பெண்.

"உங்க ரத்தத்துல ஈயம் இருக்கும்மா. இருக்கக்கூடாத அளவுக்கு இருக்கு" என்றார். பழைய பெயிண்ட் சுரண்டினீர்களா, நாட்டு மருந்து சாப்பிட்டீர்களா, குங்குமம் எங்கே வாங்குகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க. உடம்புல எங்கயாவது குண்டுத் துண்டு தங்கியிருக்கா?"

அந்த வருடம், 2009இல், ஊரில் போர் முடிந்தபோது வந்த செய்திகளைப் பார்த்தவர் யாரும் எங்களிடம் கேட்கக்கூடிய கேள்விதான்.

"இல்லை டொக்டர். நான் ஒரு கீறலும் படாமல் தப்பி வந்தனான்."

பக்கத்தில் என் கணவர் எழுந்து நின்றார். "நான் மான் சுடுறனான், டொக்டர். அந்தச் சன்னம் பட்ட இறைச்சியை நான்தான் இவவுக்குச் சமைச்சுக் குடுத்தனான்."

டொக்டர் விளக்கினார். மென்மையான ஈய ரவை எலும்பில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத தூளாகச் சிதறும். காயத்தைச் சுற்றித்தான் அது அதிகம். புளி சேர்ந்தால் இன்னும் கரையும். நச்சுக்கொடி (தாயையும் சிசுவையும் இணைப்பது) வழியாகப் பிள்ளைக்கும் போகும், மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம்.

என் இரண்டு கையும் வயிற்றுக்குப் போயின. உப்புக் கூடினாலே சண்டை பிடிக்கிறவள் நான். ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்தேன். "இருங்கோ அப்பா" என்றேன். "தெரிஞ்சோ தந்தனீங்கள்?"

வேட்டை இறைச்சி சாப்பிடுகிறவர்களே, எந்த ரவையால் சுட்டது என்று வெட்கப்படாமல் கேளுங்கள். கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைக்கும் ஈயத்தால் சுட்டதைக் கொடுக்கவே வேண்டாம். காயத்தை அகலமாக வெட்டினாலும் தூள் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று சொல்ல ஏலாது.

எனக்குப் பெரிய மருந்து ஒன்றும் இல்லை. அந்த இறைச்சியை நிறுத்தியதும், பாலும் இரும்புச்சத்தும், அடிக்கடி இரத்தப் பரிசோதனையும்தான் வைத்தியம். இவர் செம்பு ரவைக்கு மாறினார். "இது தூளாகாது. ஆனா கிட்டப் போய்த்தான் சுடவேணும்" என்று புதிதாகக் குறிபார்க்கப் பழகினார். அந்த இறைச்சியையும் எனக்குத் தர அவருக்கு மனம் வரவில்லை.

மகன் பிறந்தான். ஆணா பெண்ணா என்றுகூட இவர் கேட்கவில்லை. "ஈயம் எவ்வளவு?" என்றுதான் கேட்டார். தொப்புள்கொடி இரத்தத்தின் முடிவு வரும்வரை பிள்ளையைத் தூக்கவே பயந்தார்.

"பயந்த அளவுக்கு இல்ல. வளர வளரப் பாத்துக்கலாம், தாய்ப்பால் தாராளமா குடுங்க" என்றார் டொக்டர். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இவவுக்கு ஈயம் எப்ப முழுக்கப் போகும்?" என்று இவர் கேட்டார்.

"ரத்தத்துல இருந்து இறங்கிடும். எலும்புக்குள்ள போனது மெதுவாத்தான் வெளிய வரும். இருபது, முப்பது வருஷம்கூட ஆகலாம்."

வெளியே நடைபாதையில் இவர் சுவரைப் பார்த்து நின்று அழுதார். பிள்ளையை அவருடைய கையில் வைத்தேன். "இஞ்சாருங்கோ, முப்பது வருசம் எண்டால் நான் கிழவியாகிற மட்டும் இருக்கவேணும். அதுவரைக்கும் நீங்கள்தான் சமைக்கவேணும், சொல்லிப்போட்டன்."

பகிடிக்குத்தான் சொன்னேன். ஆனால் ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து அடுத்த கிழமைக்கு அப்பால் எதையும் நான் யோசித்ததில்லை. தொலைபேசி அடித்தால் எந்தச் சாவோ என்று வாழ்ந்தவள். இப்போது பால் கொடுக்கும்போது என் முழங்காலுக்குக் கீழே எலும்பைத் தடவிப் பார்க்கிறேன். அதற்குள் இருப்பது வெளியே வர முப்பது வருடம் வேண்டுமாம். எனக்கும் அந்த முப்பது வருடம் வேண்டும்.