எட்டாவது சொட்டு: வெள்ளையனுக்காக ஓர் அம்பத்தூர் பயணம்

எங்கள் பூனை வெள்ளையன் வீட்டில் இருப்பதா, குத்தம்பாக்கத்தில் மச்சினன் வீட்டுக்குப் போவதா என்று தெரிந்துகொள்ளத்தான் போன மாதம் இரண்டு முறை அம்பத்தூரில் ஒரு அலர்ஜி கிளினிக்குக்குப் போனேன். காலையில் கண் விழித்தால் எனக்கு வரிசையாக இருபது தும்மல். பழி பூனை மேல். "அலர்ஜி டெஸ்ட்ல பூனைன்னு வந்தா அனுப்பிடலாம்" என்றாள் மனைவி செல்வி. சொல்லும்போது அதன் காதைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

முதல் பயணம் வீண். நெமிலிச்சேரியில் 8.10 மின்சார ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய். கிளம்பும்போது பழக்கதோஷத்தில் தும்மல் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். (டாக்டர் முன்னால் மூக்கு ஒழுகினால் நன்றாகவா இருக்கும்?) அந்தத் தூக்கக் கலக்கத்தில் ஆவடியும் அண்ணனூரும் கனவில் கண்ட ஊர்கள் மாதிரி மிதந்து போயின. டாக்டரம்மா சிரித்துவிட்டார். "மாத்திரை போட்டுட்டா எதைக் குத்தினாலும் தோல் தடிக்காது சார். ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்க."

அடுத்த வாரம் அதே ரயில். மாத்திரை இல்லாததால் கண்ணெல்லாம் நீர். வெயில், மின்கம்பி, எதிர் இருக்கைப் பெண்ணின் மஞ்சள் புடவை எல்லாம் தண்ணீருக்கடியில் தெரிந்தன. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். நிலையத்திலிருந்து கிளினிக் இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ எண்பது ரூபாய்.

"இன்னா சார், தும்மிகினே கீற?" என்றார் ஆட்டோக்காரர்.

"வீட்ல பூனை இருக்குண்ணா."

"அது இன்னா பண்ணும் பாவம்!"

ஒவ்வாமை தரக்கூடிய ஒவ்வொரு பொருளின் சாற்றையும் முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து ஊசி நுனியால் லேசாகக் குத்தினார்கள். எட்டாவது சொட்டு பூனையுடையது. இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒவ்வாத பொருளையே துளித்துளியாகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சையைப் பற்றி டாக்டரம்மா சொன்னார். ஊசிக்குப் பதில் நாக்கடியில் வைக்கும் சொட்டும் வந்துவிட்டது. மூன்று வருடமாவது ஆகும். அதைக் குறைக்க முடியுமா, யாருக்குப் பலிக்கும் என்று முன்பே அறிய முடியுமா என்றுதான் இப்போது ஆராய்கிறார்களாம். நான் எட்டாவது சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தடித்தது மூன்றாவது மட்டும். தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி.

"எதுல படுக்கிறீங்க?"

"கல்யாணத்துக்கு வந்த இலவம்பஞ்சு மெத்தை மேடம்."

வீட்டு வாசலில் ஒரு கூடை. அதில் பூனையின் கிண்ணம், மடித்த பழைய புடவை. எட்டாவதுதான் பூனை என்றேன். செல்வி என் கையைப் பிடித்து எட்டு வரை எண்ணினாள்; அங்கே தடிப்பு இல்லை. பிறகு கூடையை உள்ளே எடுத்துப்போய் அழுதாள்.

போகிறவர்களுக்கு: எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்று முன்பே டாக்டரிடம் கேளுங்கள். நாக்கடிச் சொட்டு என்றால் முதல் வேளையை அவர் எதிரிலேயே போட்டுக்கொள்ளுங்கள். நான் தொடங்கிவிட்டேன், தும்மல் இன்னும் நிற்கவில்லை. மெத்தைதான் வீட்டை விட்டுப் போனது. வெள்ளையன் அந்தக் கூடையில் தூங்குகிறான்.