பதினேழு குறைகள்

போன புதன்கிழமை எர்ணாகுளம் போயிருந்தேன். பிராட்வே பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு. கடைசி நாள். ரெண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ரெண்டு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் இல்லை என்று தெரிந்தும் கூப்பிட்டார்களே... அந்தத் தைரியத்துக்காகவே போனேன்.

ஒரு இளம் டீச்சர் மாதிரிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பின்னால் நாற்பது பேர். நாற்பது மடியிலும் நோட்டு. அவள் சாக்பீஸை எடுத்தால் நாற்பது பென்சிலும் அசைகின்றன. ஒரு தடவை இருமினாள் — அதற்கும் அசைந்தன. பக்கத்தில் இருந்தவர் என்னிடமும் ஒரு தாளையும் பென்சிலையும் நீட்டினார். வாத்தியாரை அந்த ஊரில் மாஷ் என்பார்கள்.

"மாஷும் எழுதுங்கோ. உங்க கண்ணுக்கு எதாவது தப்புமா?"

தப்பாது என்று எனக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா? கல்யாணச் சாம்பாரில் உப்பு, பத்திரிகையில் அச்சுப்பிழை, பாகவதரின் தாளம் — எதையும் விட்டுவைத்ததில்லை. ஆனால் அந்தப் பென்சிலை மட்டும் நான் வாங்கவில்லை. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொன்னேன். கண்ணாடி என் மூக்கிலேயே இருந்தது.

ஏன் வாங்கவில்லை? அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

ஐம்பத்தேழில் வந்ததே ஒரு ஃப்ளூ, மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நான் மட்டாஞ்சேரியில் தொழிலாளர்களுக்கான ஒரு மாலைக் கல்லூரியில் வாத்தியார். கல்லூரி என்று பேர்தான் பெரிசு. மூட்டை தூக்குகிறவர்கள், முனிசிபாலிடியில் தெரு பெருக்குகிறவர்கள், கயிறு கம்பெனி ஆட்கள் எல்லாரும் வேலை முடிந்து வந்து எழுத்தும் கணக்கும் கொஞ்சம் இங்கிலீஷும் படிப்பார்கள். வாத்தியார்கள் இருபது பேருக்கு மேல் இருந்தோம். மலையாளம் பாதி, தமிழ் பாதி.

மழையும் ஜுரமும் கைகோத்துக்கொண்டு வந்தன. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். எங்கள் மாலை வகுப்பையும் மூடினார்கள். எர்ணாகுளம் போகிற படகில் பாதி இடம் காலி. ஏறினவர்களும் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு போனார்கள். எல்லாம் நின்றது. எங்கள் ஆசிரியர் பயிற்சி மட்டும் நிற்கவில்லை. பத்து நாள் நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. உத்தரவுக்கு ஜுரம் வருமா?

வகுப்பு நடந்தது யூதர் தெருவான ஜூ டவுனில், ஒரு கிடங்கின் மாடியில். கீழே மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக. மூட்டையை இறக்கும்போதெல்லாம் தூசி மேலே வரும். இருபது பேரும் வரிசையாகத் தும்முவோம். எது மிளகுத் தும்மல், எது ஃப்ளூ தும்மல் என்று யாருக்குத் தெரியும்? முதல் நாள் பயந்தோம். இரண்டாம் நாள் சிரித்தோம். மூன்றாம் நாளிலிருந்து கவனிப்பதையே விட்டுவிட்டோம்.

பயிற்சி கொடுக்க எர்ணாகுளத்திலிருந்து தினமும் படகேறி வந்தவர் தாமஸ் சார். நல்ல மனிதர், ஆனால் கறார். கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம் விட்டுக்கொண்டு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். அவர் முறை இது. ஒரு வாத்தியார் மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். மாணவர்கள்தான் வரவில்லையே... அதனால் முன் பெஞ்சு வாத்தியார்களே மாணவர்களாக நடிக்க வேண்டும். பின் பெஞ்சுக்காரர்கள் குறைகளை நோட்டில் எழுதி, முடிந்ததும் எழுந்து உரக்கப் படிக்க வேண்டும். பாடம் நடத்தியவர் நின்றபடி அத்தனையையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு உட்கார வேண்டும். குறை கண்டுபிடிக்கிறவருக்கும் மார்க் உண்டு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? சும்மாவே ஆடுகிறவன் நான். காலில் சலங்கையும் கட்டிவிட்டார்கள்.

எங்களில் ஆறுமுகம் என்று ஒருவர். முனிசிபாலிடியில் தெரு பெருக்கியவரின் மகன். முனிசிபாலிடித் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வாத்தியாரான முதல் ஆள். நாலு வருஷமாகத் தற்காலிக வேலை. இந்தப் பயிற்சியில் பாஸானால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வருஷக் கடைசியில் வீட்டுக்கு. அப்பா இறந்ததால் வந்த முனிசிபாலிடி வேலை ஒன்று அவருக்காகத் துடைப்பமும் கையுமாகக் காத்திருந்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸைப் பிடித்தவர் அவர்.

என் அப்பா பாலக்காட்டிலிருந்து வந்து கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். ஆறுமுகமும் நானும் ஒரே பெஞ்சில் உட்காருவதைப் பற்றி நான் வெளியில் எதுவும் சொன்னதில்லை. உள்ளே? உள்ளேயும் ஒன்றுமில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் நோட்டில் ஒற்றுப்பிழை பார்த்தால் மற்றவர்களிடம் பார்ப்பதைவிட எனக்கு ஒரு சுற்று அதிகமாகவே சந்தோஷம் வரும். இப்போது எழுதும்போது கூசுகிறது.

அவரோ என்னை மலைபோல நம்பினார்.

"மாஷே, நாளைக்கு எம் பாடம். நீங்க நல்லாப் பாத்து எழுதணும். நீங்க சொன்னாத்தான் நான் திருந்துவேன்."

"அதெல்லாம் நீர் சொல்லவே வேண்டாம்" என்றேன்.

ஐந்தாம் நாள் அவர் முறை. தாமஸ் சார் கொடுத்த தலைப்பு — ஃப்ளூ வந்தால் என்ன செய்ய வேண்டும். ஆறுமுகம் சட்டையின் கழுத்துப் பித்தான்வரை போட்டுக்கொண்டு வந்தார். பலகையில் எழுதினார்: 'காய்ச்சல் வந்தால் வேலைக்குப் போகக் கூடாது. படுத்திருக்க வேண்டும்.' எழுத்து வலப்பக்கம் போகப் போகச் சரிந்தது. என் பென்சில் ஓட ஆரம்பித்தது.

குரல் பின் பெஞ்சுக்கு எட்டவில்லை. எழுதினேன். மேஜையில் சாய்ந்து நிற்கிறார். எழுதினேன். கரும்பலகைத் துணியாலேயே முகத்தைத் துடைக்கிறார். அதையும் எழுதினேன். நடுவில் இரண்டு முறை தண்ணீர் கேட்டார். வகுப்பு ஒழுங்குக்கு விரோதம். சொன்னதையே மறுபடி சொன்னார். ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

முன் பெஞ்சில் மூட்டைத் தொழிலாளியாக நடித்த ஒரு வாத்தியார் எழுந்தார். "மாஷே, காய்ச்சல்னு வீட்ல படுத்தா அன்னைக்குக் கூலி யாரு தருவா?"

ஆறுமுகம் அவரையே பார்த்தார். பதில் சொல்லவில்லை. ரொம்ப நேரம் சொல்லவில்லை. 'மாணவர் கேள்விக்கு விடை அளிக்கத் தவறினார்' — பதினேழாவது குறை. நான் அதன்கீழ் ஒரு கோடு போட்டேன்.

பாடம் முடிந்தது. நான் எழுந்து படித்தேன். ஒவ்வொன்றாக, நிறுத்தி, உச்சரிப்பு சுத்தமாக. ஆறுமுகம் ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் தலை தூக்கி, "ஒம்பதாவது இன்னொருக்கா சொல்லுங்க மாஷே" என்றார். சொன்னேன்.

தாமஸ் சார் மேஜையைத் தட்டினார். "வெரி குட்! இதுதான் ஒப்சர்வேஷன். எல்லாரும் கேட்டோ?"

ஆறுமுகம் எனக்கு நன்றி சொன்னார். வெளியே போய் வர அனுமதி கேட்டார். மாடிப்படியில் நாலு படி இறங்கியிருப்பார். மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்க்கும்போது கீழேயிருந்து சுமைக்காரர் ஒருவர் வந்து அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். நடுவயசுக்காரர், தலையில் சும்மாட்டுத் துணி. புறங்கையை ஆறுமுகத்தின் கழுத்தில் வைத்தார். அவ்வளவுதான்... எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"மேலெல்லாம் தீயாக் கொதிக்குது! இத்தனை வாத்தியாரு இருந்துக்கிட்டு ஒருத்தருக்கும் தெரியலியா?"

தெரிந்தது. எல்லாமே தெரிந்தது. பதினேழும் என் கண்ணில் பட்டன. பட்டதையெல்லாம் குறை என்று எழுதினேன். எழுதி, படித்து, பாராட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஆறுமுகம் பாடம் சொல்லிக்கொடுத்த தெரு பெருக்கும் தொழிலாளி ஒருத்திக்கு அந்த வாரம் ஜுரம் கண்டிருந்ததாம். பார்த்துக்கொள்ள ஆளில்லை. இரண்டு நாள் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அவள் பிழைக்கவில்லை. அவளிடமிருந்து ஒட்டிக்கொண்ட ஜுரத்தோடு வந்து எங்கள் முன்னால் நின்றவர், ஒரு நாள் லீவு போட்டாலும் பயிற்சி செல்லாது என்பதற்காக வாய் திறக்கவில்லை.

நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் மூன்று நாள் கழித்துப் போனேன். முதல் இரண்டு நாள் ஏன் போகவில்லை? பயம். ஜுரத்துக்குப் பாதி, அவர் மனைவி செல்லம்மாவின் முகத்துக்குப் பாதி.

செல்லம்மா என்னைத் திட்டவில்லை. என்ன நடந்தது என்றே அவளுக்குத் தெரியாது. "கண்ண மூடிட்டே ஒரே கேள்விதான் மாஷே கேக்குறாரு... பாஸா, பாஸான்னு" என்றாள். டாக்டர் எதுவும் நிச்சயமாகச் சொல்லவில்லையாம். நான் கட்டில் பக்கத்தில் குனிந்தேன். ஆறுமுகம் கண்ணைத் திறந்தார்.

"மாஷே... பாஸா?"

"பாஸ்" என்றேன்.

போகிற உயிருக்கு ஒரு பொய் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஒளிக்க என்ன இருக்கிறது? ஆனால் உயிர் போகவில்லை. பன்னிரண்டாம் நாள் ஆறுமுகம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். செல்லம்மா குடியிருப்பு முழுக்க 'எங்க வீட்டுக்காரரு பாஸ்' என்று சொல்லிவிட்டிருந்தாள். நான் படகேறினேன்.

தாமஸ் சார் ஆபீசில் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"பாடத்துல பெயில். அஞ்சு நாள் ஹாஜரும் இல்லா. நான் என்ன செய்யும் மாஷே?"

"அந்தப் பாடமே செல்லாது சார். அவர் ஜுரத்தோட நின்னார். நான் எழுதினது ஒண்ணும் குறை இல்லை. வியாதி. எனக்குப் பாக்கத் தெரியலை."

அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "அத எழுதித் தரணும். தந்தா அடுத்த பயிற்சி வரைக்கும் ஆறுமுகத்துக்கு வேலைல இருக்கலாம், அதுக்கு நான் மேலே எழுதும். பக்ஷே, உங்க ஒப்சர்வேஷன் தப்புன்னு நீங்களே எழுதினா உங்க சர்டிபிகேட் போகும். திரும்பவும் முதல்லேருந்து பத்து நாள். கேட்டோ?"

உடனே எழுதிக் கொடுத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் அப்படி நடக்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு படகு கரையை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்தேன். அந்தச் சர்டிபிகேட்டில் முதல் வகுப்பு என்று போட்டிருந்தது. அப்புறம்தான் பேனாவைத் திறந்தேன்.

ஆறுமுகத்திடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். பதினேழையும் பற்றிச் சொன்னேன். தாமஸ் சாரிடம் எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"அப்ப நான் பாஸ் இல்லியா மாஷே?"

"இல்லை."

"செல்லம்மாகிட்ட சொல்லிறாதீங்க" என்றார். வேறு ஒரு வார்த்தை என்னைப் பற்றிச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அடுத்த பயிற்சி எட்டு மாதம் கழித்து, எர்ணாகுளத்தில். இரண்டு பேரும் தினமும் ஒன்றாகப் படகில் போனோம், ஒன்றாக வந்தோம். ஆறுமுகம் இரண்டாம் நாளே பாடம் நடத்தினார். கடைசி பெஞ்சில் இருந்தவருக்கும் காது அதிர்ந்தது. தாமஸ் சார் வாயிலிருந்து 'குட்' என்று ஒரு சொல் வந்தது. ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பொய் ஒருவழியாக நிஜமாகிவிடும் என்று அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் காலை என் முறை. முதல் வகுப்பில் பாஸான பாடத்தையே மறுபடி எடுத்தேன். எங்கே போயிற்று அந்த மிடுக்கு? சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது. ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு முழித்தேன். பின்னால் பென்சில்கள் ஓடுவது எனக்கே கேட்டது. முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து படித்தார்கள். நான் மேஜைப் பக்கம் நின்று எழுதிக்கொண்டேன். எல்லாம் சரியான குறைகள்தான், ஒன்றைக்கூட மறுக்க முடியாது.

கடைசியாக ஆறுமுகம் எழுந்தார். நோட்டைப் பிரிக்கவில்லை.

"குறை ஒண்ணே ஒண்ணுதான் சார். மாஷ் காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல. மொதல்ல அவருக்கு ஒரு சாயா வாங்கிக் குடுக்கணும்."

நிஜம்தான். முதல் படகைப் பிடிக்கிற அவசரத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடி வந்திருந்தேன்.